காஸ்ட், ச்சேஸ்ட், ஆனர்: மூன்று சொற்களும் ஒரு கொலையும்

பள்ளிக்கரணையில் எங்கள் தெருமுனையில் ஒரு படிப்பகம் இருக்கிறது. கீழே நாளிதழ்களும் போட்டித் தேர்வுப் புத்தகங்களும். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. வாரத்தில் மூன்று நாள் இரவு ஏழு மணிக்கு அங்கே நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பிளஸ் டூ முடித்தவர்கள், கல்லூரியில் படிக்கிறவர்கள், பகலெல்லாம் டெலிவரி வண்டி ஓட்டிவிட்டுப் பையோடு வந்து உட்காருகிறவர்கள் என்று பதினைந்து பேர் தேறுவார்கள். ஜல்லடியன்பேட்டை, கோவிலம்பாக்கம், பெரும்பாக்கம் குடியிருப்பு என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறார்கள். எல்லோருக்கும் கண் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம் இரவெல்லாம் விளக்கெரியும் ஓ.எம்.ஆர். கட்டடங்களில் ஒரு வேலை. நடுவில் தண்ணீரும் குப்பைமேடும் இருப்பது போலவே ஆங்கிலமும் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அவர்கள் வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. அன்றைய ஆங்கில நாளிதழில் ஒரு செய்தியை ஒருவர் எழுந்து வாசிக்க வேண்டும். தெரியாத சொற்களைப் பலகையில் எழுதுவோம். பொருள் சொல்வேன், உச்சரிப்பு சொல்வேன், அந்தச் சொல்லுக்கு உறவுக்காரச் சொற்கள் நாலைந்தைச் சேர்த்துச் சொல்வேன். ஒரு சொல்லைப் படித்தால் ஒரு குடும்பத்தையே படித்த மாதிரி என்று பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம்.

2024 பிப்ரவரி 26, திங்கள்கிழமை. அன்றைக்குச் செய்தித்தாளில் எங்கள் ஊரின் பெயர் இருந்தது. சனிக்கிழமை, 24ஆம் தேதி இரவு, பள்ளிக்கரணையில் ஒரு பட்டியல் சாதி இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். வேறு சாதியில் பிறந்த பெண்ணைக் காதலித்துச் சில மாதங்களுக்கு முன்புதான் திருமணம் செய்திருந்தார். மனைவியின் சகோதரர் உட்படச் சிலர் கைதாகியிருந்தார்கள். வகுப்பில் அந்தச் செய்தி தெரியாதவர் ஒருவரும் இல்லை. வேறு எதையாவது வாசிக்கலாமா என்று கேட்டேன். இதையே வாசிக்கலாம் என்றார்கள்.

ஒரு தம்பி எழுந்து வாசித்தான். சி, ஏ, எஸ், டி, ஈ என்று எழுதியிருந்த சொல்லைக் ‘கேஸ்ட்’ என்றான். நான் பழக்கதோஷத்தில், “கேஸ்ட் இல்லப்பா, காஸ்ட்” என்றேன்.

“டேஸ்ட், வேஸ்ட், பேஸ்ட்டுன்னு எல்லாமே ‘ஏஸ்ட்’தானேக்கா? இது மட்டும் எப்படிக் காஸ்ட்டு?”

“அது விதிவிலக்கு.”

பின்னால் உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள்: “சாதின்னு வந்துட்டா எங்கேயும் தனி ரூல்தான்டா.”

அவன் தொடர்ந்து வாசித்தான். அடுத்த இடறல் ‘ஹானர்’. ஒருவன் மெதுவாக, “அது போன் பேருடா” என்றான். மறுபடியும் நான், “எச் ஒலிக்காது. ஆனர்” என்றேன். அதோடு நிற்கவும் இல்லை. முதல் எழுத்து எச் என்று எழுதப்பட்டும் ஒலிக்காத சொற்கள் ஆங்கிலத்தில் கொஞ்சம்தான். அவர், ஆனஸ்ட், ஆனர், ஏர் என்று பலகையில் வரிசையாக எழுதினேன். நேரம், நேர்மை, மரியாதை, வாரிசு. பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குள் வந்ததால் எச் ஊமையாகிவிட்டது என்று விளக்கமும் கொடுத்தேன்.

அந்தப் பெண் கை தூக்கினாள். “உச்சரிப்பு புரிஞ்சிடுச்சுக்கா. ஆனர் கில்லிங்னா மரியாதைக் கொலையா? யாரோட மரியாதை?”

என்னிடம் பதில் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் சாவு விழுந்திருக்கிறது, நான் உயிரெழுத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அன்று வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டேன். அவள் கேட்ட கேள்விக்கு அன்றிலிருந்து நான் தேடிச் சேர்த்த பதில்தான் இது.

*

முதலில் என் கதை ஒன்று. கல்லூரி முடித்த வருடம் ஒரு நிறுவனத்தில் வேலைக்குப் போயிருந்தேன். குழு விவாதம் வைத்தார்கள். தலைப்பு இட ஒதுக்கீடு. என் முறை வந்தபோது, கேள்விப்படாமல் படித்தே கற்றுக்கொண்ட எல்லோரும் சொல்வதைப் போல நானும் ‘கேஸ்ட்’ என்றேன். எதிரில் இருந்த ஒரு பெண் சிரித்தாள். விவாதத்தை நடத்தியவர், மிகுந்த இனிமையோடு, “இட்ஸ் காஸ்ட்” என்றார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு முன்னால் நான் சொல்லிய காரணங்களும் யார் காதிலும் விழவில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து வேளச்சேரி–தாம்பரம் சாலையின் இரைச்சலுக்கு நடுவே அந்தச் சொல்லை ஐம்பது தடவை சொல்லிப் பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு எனக்கு அந்த ஒரு நெடில் மேல்தான் வெட்கம். இப்போது யோசிக்கும்போதுதான் உறைக்கிறது. சாதி என்ற சொல்லைத் தப்பாகச் சொன்னதற்கு ஒருத்தி கூனிக் குறுகினாள். சாதி என்ற ஒன்று இருப்பதற்காக அந்த அறையில் யாருக்கும் ஒரு கூச்சமும் இல்லை. அந்தச் சொல்லைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவர்கள் யார்? அதைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிப் பழகிய வீடுகளில் பிறந்தவர்கள். அதன் பொருளை உடம்பில் சுமந்தவர்களுக்குத்தான் உச்சரிப்பு வரவில்லை.

அகராதியைப் புரட்டியபோது எனக்கு ஒரு ஆறுதலும் ஓர் அதிர்ச்சியும் கிடைத்தன. ஆறுதல் சின்னது: அந்தத் தம்பி கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. டேஸ்ட், வேஸ்ட், பேஸ்ட், ஹேஸ்ட் எல்லாம் ஒரு தடத்தில் போக, காஸ்ட் மட்டும் தனியாக நிற்பதற்குக் காரணம் உண்டு. ஆரம்பத்தில் ஆங்கிலேயர்கள் அதைக் கடைசி ‘ஈ’ இல்லாமல்தான் எழுதினார்கள். எறிதல், வார்த்தல் என்று பொருள்படும் இன்னொரு ‘காஸ்ட்’ போலவே. பிறகு பிரெஞ்சு எழுத்துமுறையைப் பார்த்து ‘ஈ’ சேர்ந்தது. எழுத்து மாறியது, ஒலி மாறவில்லை.

அதிர்ச்சிதான் பெரியது. காஸ்ட் என்ற சொல்லை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். இங்கே ஒருவரோடு ஒருவர் மணஉறவு கொள்ளாமல் தனித்தனியாக வாழும் கூட்டங்களைப் பார்த்துவிட்டு, தங்கள் மொழியில் குலம், இனம், வம்சம் என்ற பொருளில் இருந்த ‘காஸ்டா’ என்ற சொல்லை ஒட்டினார்கள். அதற்கு அகராதிகள் காட்டும் வேர், லத்தீனில் ‘காஸ்டஸ்’. பொருள்: தூய்மையான, கலப்பில்லாத. அதே காஸ்டஸிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இன்னொரு சொல் ‘ச்சேஸ்ட்’. பொருள்: கற்புள்ள.

சாதி என்ற சொல்லும் கற்பு என்ற சொல்லும் ஆங்கிலத்தில் ஒரு தாய் பிள்ளைகள். எழுத்தில் இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஓர் எச்.

குடும்பத்தில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். பெயர்ச்சொல் ‘ச்சாஸ்டிட்டி’. நம் ஊரில் பெரும்பாலும் ‘சேஸ்டிட்டி’ என்கிறோம். ச்சேஸ்ட்டில் நெடிலாக இருந்தது இங்கே குறிலாகச் சுருங்கும். அடுத்தது ‘ச்சாஸ்டைஸ்’, தண்டித்தல். அடுத்தது ‘காஸ்டிகேட்’, கடுமையாகக் கண்டித்தல். இரண்டுமே ‘தூய்மையாக்குதல்’ என்ற பழைய பொருளிலிருந்து வந்தவை. அடித்தால் சுத்தமாகும் என்ற நம்பிக்கை அந்தச் சொற்களுக்குள் உறைந்திருக்கிறது. தூய்மை, கற்பு, தண்டனை, சாதி. இந்த நான்கையும் ஒரே வீட்டுக்குள் வைத்த லத்தீன்காரருக்குப் பள்ளிக்கரணையைத் தெரியாது. ஆனால் 2024 பிப்ரவரியில் இங்கே நடந்ததை இந்த நான்கு சொற்களை வைத்துக்கொண்டே முழுசாகச் சொல்லிவிடலாம்.

*

சொல்லின் வேரைக் காட்டுவது வேடிக்கைதானே, அதை வைத்து ஒரு சமூகத்தை விளக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது. ஆனால் வேர்ச்சொல்லுக்குப் போகாமலேயே சமூகத்தை ஆராய்ந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தவர் ஒருவர் உண்டு. 1916 மே 9ஆம் தேதி, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மானுடவியல் கருத்தரங்கில், 25 வயது மாணவர் ஒருவர் இந்தியாவில் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசித்தார். புரட்சியாளர் அம்பேத்கர். சாதியின் சாரம் அகமணம்தான் என்று அவர் அதில் நிறுவினார். ஒரு கூட்டம் தன்னைச் சுற்றி மதில் எழுப்பிக்கொள்வதுதான் சாதி. மதில் நிற்க வேண்டுமானால் உள்ளே ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்துவிட்டால் அந்தப் பெண் ‘மிகை’யாகிவிடுகிறாள், அவள் மதிலைத் தாண்டிவிடக்கூடும். அதற்காகத்தான் உடன்கட்டை, அதற்காகத்தான் கட்டாய விதவைக்கோலம். மனைவி இறந்து ‘மிகை’யாகும் ஆணுக்காகத்தான் குழந்தை மணம். பெண்ணைப் பூட்டிவைக்காமல் சாதியைப் பூட்டிவைக்க முடியாது என்பதை அவர் அந்த வயதில் பார்த்துவிட்டார்.

இங்கே தந்தை பெரியார், ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலை எந்தச் சொல்லிலிருந்து தொடங்குகிறார் என்று பாருங்கள். முதல் கட்டுரையே ‘கற்பு’. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கிறார், அதற்கு நிகராகச் சொல்லப்படும் ஆங்கிலச் சொல்லையும் எடுத்துவைத்துச் சோதிக்கிறார், ஆணுக்கு இல்லாத ஒன்று பெண்ணுக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்கிறார். நாங்கள் மாடி அறையில் செய்துகொண்டிருக்கும் வேலைதான். அவர் செய்து முடித்து ஏறக்குறைய நூறு வருடமாகிறது.

ஆக, காஸ்ட்டும் ச்சேஸ்ட்டும் ஒரே வேர் என்பது தற்செயலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஒரே வேலையைச் செய்கின்றன என்பது தற்செயல் இல்லை. சாதி மாறி நடக்கும் திருமணத்தில் வெட்டு விழுவது பெரும்பாலும் தலித் இளைஞன் கழுத்தில். வெட்டுக்குக் காரணமாகச் சொல்லப்படுவது அந்தப் பெண்ணின் உடம்பு. ‘எங்க வீட்டுப் பொண்ணு’ என்ற மூன்று வார்த்தையில் சாதியும் கற்பும் சேர்ந்தே இருக்கின்றன. பள்ளிக்கரணையில் கொல்லப்பட்டவரின் மனைவி, இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், அந்த ஏப்ரலில் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். கொலை வழக்கில் ஒரு பெயர்தான் இருக்கும். எங்கள் தெருவுக்குத் தெரியும், போனது இரண்டு உயிர்.

*

இனி ஆனர்.

லத்தீனில் ‘ஹானர்’ என்றால் மற்றவர்கள் ஒருவருக்குத் தரும் மதிப்பு. உரோமானியர்கள் பொதுப்பதவியையும் அதே சொல்லால்தான் குறித்தார்கள். அதன் குடும்பமும் பெரிது. ஆனரபிள் என்றால் மாண்புமிகு. ஆனரேரியம் என்றால் மதிப்பூதியம். ஆனரரி என்றால் சம்பளமில்லாத கௌரவப் பொறுப்பு. நம் அரசுக் கல்லூரிகளில் ‘கௌரவ விரிவுரையாளர்’ என்று பெயரை மட்டும் பெரிதாகக் கொடுத்துச் சம்பளத்தைச் சிறிதாகக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். வினைச்சொல்லாக வந்தால் ஆனர் என்பதற்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுதல் என்று பொருள். வங்கியில் காசோலைக்குப் பணம் கொடுத்தால் ஆனர். கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் டிஸ்ஆனர். நாம் ‘செக் பவுன்ஸ்’ என்பதைச் சட்டம் அப்படித்தான் எழுதுகிறது.

இந்தக் குடும்பத்தில் எந்தச் சொல்லை எடுத்தாலும் நல்ல பொருள்தான். வரக்கூடாத இடம் ஒன்றே ஒன்று, அங்கேதான் அது தினமும் செய்தித்தாளில் வருகிறது. ‘ஆனர் கில்லிங்’ என்று எழுதும்போது கொன்றவன் சொல்லும் காரணத்தையே நாம் குற்றத்தின் பெயராக்கிவிடுகிறோம். திருடன் ‘பசிக்குத்தான் எடுத்தேன்’ என்றால் வழக்கைப் ‘பசித் திருட்டு’ என்று யாரும் பதிவதில்லை. கொலைகாரனுக்கு மட்டும் எதற்கு அந்தச் சலுகை?

ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கே இந்தச் சங்கடம் உண்டு. பிரிட்டனில் அதிகாரிகள் ‘ஆனர் என்று சொல்லப்படுகிற’ என்று ஒரு முன்னொட்டைச் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். ஐ.நா. பொதுச்சபை 2000ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் ‘ஆனரின் பெயரால்’ என்று எழுதியது. நம் உச்ச நீதிமன்றமும் 2006இலும் 2011இலும் இந்தக் கொலைகளில் கௌரவமான எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. எல்லோரும் அந்தச் சொல்லை இடுக்கியால் தூக்குகிறார்கள்; கீழே போட யாருக்கும் மனம் வரவில்லை.

நமக்கு அதில் கூடுதலாக ஒரு நஷ்டம் இருக்கிறது. வெளிநாட்டில் ஆனர் என்ற சொல் மறைப்பது பெண் மீதான ஆதிக்கத்தை. நம் நாட்டில் அது பெண்ணடிமைத்தனத்தோடு சாதியையும் சேர்த்து மறைக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கொலைக் கணக்கைப் பாருங்கள். கொலைக்கான நோக்கங்களில் ‘சாதியம்’ என்று ஒரு கட்டம், ‘காதல் விவகாரம்’ என்று ஒரு கட்டம், 2014 முதல் ‘ஆனர் கில்லிங்’ என்று தனியாக ஒரு கட்டம். பள்ளிக்கரணைக் கொலையை எந்தக் கட்டத்தில் போடுவது? எழுதுகிற கை முடிவு செய்யும். ஒரே குற்றத்தை மூன்று பெட்டியில் பிரித்துப்போட்டால், திறந்து பார்க்கிறவருக்கு எந்தப் பெட்டியும் பாதி காலியாகத்தான் தெரியும்.

தமிழில் நாம் இந்த வேலையைக் கொஞ்சம் செய்திருக்கிறோம். முன்பு நம் பத்திரிகைகளும் ‘கௌரவக் கொலை’ என்றுதான் எழுதின. கௌரவம் என்றால் கனம், பெருமை. சாதி ஒழிப்பு இயக்கங்கள் விடாமல் சண்டை போட்டு அதை ‘ஆணவக் கொலை’ என்று மாற்றின. இன்று செய்தித்தாள், தொலைக்காட்சி, சட்டமன்றம் எங்கும் அந்தச் சொல்தான். யோசித்துப் பார்த்தால் அருமையான தேர்வு. சைவ சித்தாந்தத்தில் ஆணவம் என்பது மலம், அழுக்கு. செம்பில் களிம்பு போல ஒட்டியிருப்பது என்பார்கள். தூய்மைக்காகக் கொன்றேன் என்று வந்து நிற்கிறவனிடம், அழுக்கு உன்னிடம்தான் இருக்கிறது என்று அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

ஆனாலும் வெறுமனே ‘ஆணவம்’ என்றால் அது ஒரு தனிமனிதனின் குணக்கேடு போலத் தோன்றிவிடும், முன்கோபம் மாதிரி. அதனால்தான் தோழர்களிடம் நான் வற்புறுத்துவது: ‘சாதி ஆணவக் கொலை’ என்று முழுசாகச் சொல்லுங்கள். ஒரு சொல் கூடுதலாக ஆவதால் நம் நாக்கு தேய்ந்துவிடாது.

*

“பெயரை மாற்றினால் கொலை நின்றுவிடுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. நிற்காது. கௌரவம் ஆணவமான பிறகும் கொலைகள் நிற்கவில்லை. ஆனால் பெயர்தான் சட்டத்துக்குப் போகும் வாசல். உள்ளே என்ன போகிறது, என்ன வெளியே நிற்கிறது என்பதை வாசல்தான் தீர்மானிக்கிறது.

இந்தியச் சட்ட ஆணையம் 2012இல் தன் 242ஆவது அறிக்கையில் இதற்கென ஒரு தனிச்சட்டத்தைப் பரிந்துரைத்தது. அதன் ஆங்கிலத் தலைப்பில் திருமண உறவு இருக்கிறது, சுதந்திரம் இருக்கிறது, ஆனர் இருக்கிறது, ட்ரடிஷன் இருக்கிறது. காஸ்ட் இல்லை. 2019இல் ராஜஸ்தான் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதன் தலைப்பும் அதே அச்சு: ஆனரும் ட்ரடிஷனும் உண்டு, காஸ்ட் இல்லை. இன்னொரு பக்கம், கடலுக்கு அப்பால் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில், பாகுபாட்டுக்கு எதிரான தன் சட்டத்தில் காஸ்ட் என்ற சொல்லையே எழுதிச் சேர்த்தது. சாதியை ஏற்றுமதி செய்த நாட்டில் சட்டத் தலைப்புக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. இறக்குமதி செய்த ஊர் பச்சையாக எழுதிவிட்டது.

இப்போது இது ஏன் அவசரம் என்றால், 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, ஆணவப் படுகொலைகளைத் தடுக்கச் சட்டம் இயற்றப் பரிந்துரைகள் தருவதற்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தது. இயக்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டது. எந்த அரசு கொண்டுவந்தாலும் அந்தச் சட்டத்துக்குத் தமிழில் ஒரு பெயரும் ஆங்கிலத்தில் ஒரு பெயரும் இருக்கும். தமிழில் ஆணவம் என்று எழுதிவிட்டு ஆங்கிலத்தில் ஆனர் என்று எழுதினால், ஒரே சட்டம் ஒரு மொழியில் கொலைகாரனைக் குற்றம் சாட்டும், இன்னொரு மொழியில் அவனுக்கு மாலை போடும். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகப் போக ஆங்கிலப் பெயர்தான் பேசும். ஆங்கிலத் தலைப்பில் காஸ்ட் என்ற சொல் இருக்க வேண்டும், ஆனர் இருக்கக் கூடாது. மனு எழுதுகிறவர்கள், கருத்துச் சொல்கிறவர்கள், ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த தோழர்கள் இதை ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும்.

நம் அன்றாட ஆங்கிலத்தையும் கொஞ்சம் சலித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. “நீங்க என்ன சாதி?” என்று கேட்கக் கூச்சப்படுகிறவர், “நீங்க என்ன கம்யூனிட்டி?” என்று கூச்சமில்லாமல் கேட்கிறார். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் வாடகைக்கு வீடு தேடிப் போனால் ‘வெஜிடேரியன்ஸ் ஒன்லி’ என்ற அட்டை வரவேற்கிறது. மணமகன் தேவை விளம்பரத்தில் ‘டீசென்ட் ஃபேமிலி’. அதற்கும் மேலே, ‘காஸ்ட் நோ பார்’ என்று பெருந்தன்மையாகத் தொடங்கி, அடுத்த வரியிலேயே ‘எஸ்.சி., எஸ்.டி. எக்ஸ்க்யூஸ்’ என்று முடிகிற விளம்பரங்கள். இந்தச் சொற்களையெல்லாம் நானும் உச்சரிப்போடு சொல்லித்தந்திருக்கிறேன். இப்போது இவற்றின் தமிழ்ப் பொருளையும் பலகையில் பக்கத்தில் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தான் என்பதைப் பிள்ளைகளே சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

*

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டும், நன்றாகவே வேண்டும். ஆனால் அது காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையை வகுப்பில் விதைப்பதை நிறுத்திவிட்டேன். 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் காதல் மனைவியோடு சேர்த்து நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்டவர் பொறியியல் பட்டதாரி. உச்ச நீதிமன்றம் குற்றவாளிகளின் தண்டனையை உறுதிசெய்ய 2025 ஏப்ரல் வரை, 22 ஆண்டுகள் ஆயின. 2015 ஜூனில் நாமக்கல் மாவட்டத்தில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தவரும் பொறியியல் படித்தவர். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டப்பட்டவர் பொறியியல் மாணவர். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கொல்லப்பட்ட 27 வயது இளைஞர் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். என் மாணவர்கள் ஆசைப்படும் வாழ்க்கையை எட்டிப் பிடித்தவர்கள் இவர்கள். எட்டிப் பிடித்ததுதான் சிலருக்குப் பொறுக்கவில்லை.

பாளையங்கோட்டைச் செய்தி வந்த வாரமும் வகுப்பு இருந்தது. யாரும் கேட்காமலேயே அந்தச் செய்தியை எடுத்தார்கள். 2024இல் என்னிடம் கேள்வி கேட்ட அதே பெண்தான் வாசித்தாள். இப்போது அவளுக்கு ஆங்கிலம் நன்றாக ஓடுகிறது; ஓர் அலுவலகத்தில் இரவுப் பணிக்குப் போகிறாள். காஸ்ட் என்பதைக் காஸ்ட் என்றே வாசித்தாள். தாளில் ஆனர் கில்லிங் என்று அச்சாகியிருந்த இடம் வந்தது. அவள் நிற்கவும் இல்லை, தடுமாறவும் இல்லை. “காஸ்ட் கில்லிங்” என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

தாளில் இருப்பது வேறு சொல் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தம்பி என் முகத்தைப் பார்த்தான், திருத்துவேன் என்று.

நான் திருத்தவில்லை.